பூச்சி மாத்திரை ஒரு பிள்ளைக்கு மட்டும் போதாது

(நமது அறக்கட்டளையின் மகளிர் நலக் கூட்டத்தில் மருத்துவ உதவிப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய தாய்மார்களே, சகோதரிகளே, திரைக்கு அந்தப் பக்கம் வந்து அமர்ந்திருக்கும் வாப்பாமார்களே! இந்த மாதம் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசுவதாகத்தான் அறிவித்திருந்தோம். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் இரண்டு பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், தவறில்லை. ஆனால் இந்தச் சிரிப்புக்கும் கூச்சத்துக்கும் பயந்துதான் நம் வீடுகளில் பல பிள்ளைகள் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு நமது இலவச மருத்துவ நாளில் ஒரு சகோதரி வந்தார். டோக்கன் வாங்கினார், முறை வந்தது, உள்ளே வரவில்லை. பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னே விட்டுக்கொண்டே இருந்தார். கடைசி ஆளும் போன பிறகு உள்ளே வந்து, கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, ஏழு வயது மகனைப் பற்றிச் சொன்னார். பையன் இரவில் உள்ளாடைக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டே இருக்கிறான். பாதித் தூக்கத்தில் எழுந்து அழுகிறான். காலையில் மதரஸாவுக்கு எழுப்பினால் எழ முடியவில்லை. போனாலும் தூங்கி விழுகிறான், உஸ்தாதிடம் திட்டு. வாப்பாவோ, பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் வந்துவிட்டது என்று நினைத்து இரண்டு முறை அடித்துவிட்டார். மூன்று மாதத்தில் மூன்று தடவை பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று. ஒரு வாரம் நன்றாக இருக்கிறான், அப்புறம் பழையபடிதான். "வீட்டை சுத்தமாத்தான் வச்சிருக்கோம், இது எங்களுக்கு ஏன் வருது?" என்று கேட்டு அந்தச் சகோதரி அழுதுவிட்டார்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது எங்களுக்கும் தலை குனிந்தது. அந்த மூன்று மாத்திரைகளில் ஒன்றைக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். கூட்டமான நாள்; ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்து, "இரவு சாப்பிட்ட பிறகு கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். வீட்டில் இன்னும் எத்தனை பேர், பிள்ளை யாருடன் படுக்கிறான், மறுபடி எப்போது கொடுக்க வேண்டும் என்று எதையும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. பையன் பட்ட அடியில் எங்களுக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறோம். இந்தக் கூட்டம் அதற்காகத்தான்.

அந்தப் பையனுக்கு இருந்தது கீரிப்பூச்சி. சில வீடுகளில் நூல்பூச்சி என்பீர்கள். வெள்ளை நூலை அரை அங்குலத்துக்கும் குறைவாக நறுக்கிப் போட்ட மாதிரி இருக்கும். மற்ற பூச்சிகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பெண் பூச்சி முட்டையை வயிற்றுக்குள் இடுவதில்லை. பிள்ளை தூங்கிய பிறகு ஆசனவாய் வழியாக வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் முட்டையிடும். ஒரு பூச்சி சுமார் 10,000 முட்டை இடும். அந்த இடத்தில்தான் தாங்க முடியாத அரிப்பு. பிள்ளை தூக்கத்திலேயே சொறிகிறது. முட்டை நகக்கண்ணில் ஏறுகிறது. காலையில் அந்தக் கை வாய்க்குப் போகிறது, தம்பியின் பிஸ்கட்டுக்குப் போகிறது, உம்மாவின் முந்தானைக்கும் போகிறது. இட்ட சில மணி நேரத்திலேயே அந்த முட்டை அடுத்தவருக்குத் தொற்றத் தயாராகிவிடும். பாயிலும் தலையணையிலும் விழுந்தவை இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும்.

இதைச் சொன்னதும் அந்தச் சகோதரியிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை யாரோடு படுக்கிறான்?" என்பதுதான். ஒரே அறை, ஒரே பெரிய பாய். பையன், அக்கா, மூன்று வயதுத் தங்கை, உம்மா, வாப்பா என்று ஐந்து பேர். மாத்திரை போட்டது ஒருவன். அவன் வயிற்றில் இருந்த பூச்சி செத்திருக்கும், அதில் சந்தேகமில்லை. மற்ற நான்கு பேரிடமிருந்தும் பாயிலிருந்தும் அது மறுபடி அவனுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. மருந்தில் குறையில்லை. கொடுத்த முறையில்தான் குறை.

ஆகவே கீரிப்பூச்சி என்றால் வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து. அரிப்பு இல்லாதவருக்கும்தான். பெரியவர்கள் பலருக்கு அரிப்பே தெரியாது, ஆனால் பூச்சி இருக்கும். வாப்பாமார்கள் "எனக்கு எதற்கு?" என்று நழுவக் கூடாது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருப்பவரும், நான்கு நாள் தங்க வந்த மாமியும் இதில் சேர்த்திதான். அதோடு, சரியாக இரண்டு வாரம் கழித்து எல்லாருக்கும் இன்னொரு வேளை. மாத்திரை வளர்ந்த பூச்சியைக் கொல்லும். முட்டையை நம்பகமாக அழிக்காது. முதல் வேளைக்குத் தப்பிய முட்டைகள் பொரிந்து, அடுத்த தலைமுறை முட்டையிடும் முன் பிடிக்கத்தான் இரண்டாவது வேளை. பத்தில் ஒன்பது வீடுகளில் இந்த இரண்டாவது வேளையை மறந்துவிடுகிறோம் என்று சொன்னால் நீங்களே தலையாட்டுவீர்கள்.

மருந்து ஆல்பெண்டசோல். இரண்டு வயதுக்கு மேல் எல்லாருக்கும் 400 மில்லிகிராம், ஒரு முழு மாத்திரை. ஒன்று முதல் இரண்டு வயது வரை பாதி மாத்திரை, அதாவது 200 மில்லிகிராம். திரவமாக வரும் சிறு பாட்டிலில் 10 மில்லி இருக்கும், பெரும்பாலானவற்றில் அந்த முழு பாட்டிலும் சேர்ந்துதான் 400 மில்லிகிராம். வாங்கும்போது அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு வேண்டாம். கர்ப்பிணிகள் தாமாக எடுக்கக் கூடாது, டாக்டரிடம் கேட்க வேண்டும்; பால் கொடுக்கும் தாய்மார்களும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரையைச் சப்பி, மென்று, தண்ணீர் குடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்துப் பொடி செய்து தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து முழு மாத்திரையைத் தொண்டைக்குள் தள்ளாதீர்கள். மாத்திரை மூச்சுக்குழாயில் சிக்கினால் பூச்சியைவிடப் பெரிய ஆபத்து.

மருந்தோடு சேர்ந்து வீட்டு வேலையும் கொஞ்சம் இருக்கிறது. மாத்திரை போட்ட மறுநாள் காலையில் பாய் விரிப்பு, தலையணை உறை, கைலி, உள்ளாடை எல்லாவற்றையும் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். துவைக்கும் முன் உதறாதீர்கள். காலையில் எழுந்ததும் பாயையும் போர்வையையும் படபடவென்று உதறி மடிப்பது நம் கைக்கு வந்த பழக்கம். உதறினால் முட்டை அறை முழுக்கப் பறக்கும். இந்த இரண்டு வாரமும் பிள்ளை இரவில் இறுக்கமான ஜட்டி போட்டுத் தூங்கட்டும், காலையில் எழுந்தவுடன் முதல் வேலையாகக் கழுவிக் குளிக்கட்டும். இரவில் இட்ட முட்டை அந்தக் குளியலோடு போய்விடும். சாயங்காலம் குளிப்பாட்டினால் இந்தப் பலன் கிடைக்காது.

நகம் வெட்டும் விஷயத்தில் நமக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வெள்ளிக்கிழமை நகம் வெட்டி வளர்ந்தவர்கள்தான் நாம். ஆனால் பெண்பிள்ளைகள் நகத்தை வளர்த்து மருதாணி போட்டுக்கொள்கிறார்கள். மருதாணிச் சிவப்பில் நகக்கண் அழுக்கு கண்ணுக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் ஒரே சஹனைச் சுற்றி நான்கு ஐந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் உட்காரும் முன் ஒவ்வொரு கையும் சோப்பைப் பார்த்திருக்க வேண்டும். கை கழுவும் இடத்தில் சோப்பு வைக்காத கல்யாண மண்டபங்களைப் பற்றி நிறையப் பேசலாம், இப்போது வேண்டாம்.

ஒரு சகோதரி சீட்டில் எழுதிக் கேட்டிருக்கிறார்: "ஐந்து வேளை ஒளு செய்கிறோமே, கை சுத்தமாகத்தானே இருக்கும்?" நல்ல கேள்வி. ஒளு வணக்கத்துக்கான தூய்மை. அதன் சிறப்பைச் சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள். நாங்கள் சொல்வது வேறு. கீரிப்பூச்சியின் முட்டை பசை போல ஒட்டும். வெறும் தண்ணீருக்கு முழுதாக வராது. சிறு பிள்ளைகள் கழிவறையில் சுத்தம் செய்த பிறகு கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். அந்தக் கையைச் சோப்புப் போட்டு, நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதன் பிறகு ஒளு செய்யப் பழக்குங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் இன்னும் வீட்டில் இருக்கலாம். பூச்சி முட்டைக்கு அது உதவாது.

இனி தாய்மார்களுக்கு மட்டுமான ஒரு செய்தி. பெண்குழந்தைகளுக்கு இந்தப் பூச்சி பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கும் நகர்ந்து போகும். அப்போது முன்பக்கம் அரிப்பு, சிவப்பு, வெள்ளைபடுதல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குதல் எல்லாம் வரலாம். உம்மா பயந்துபோய் வெளியே சொல்லவும் முடியாமல் தவிப்பார். முதலில் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் வெள்ளை நூல் நெளிவது தெரியும். தெரியவில்லை என்றாலும், மாத்திரை கொடுத்தும் தீரவில்லை என்றாலும் பெண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அந்தப் புகாருக்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றையும் டாக்டர் பார்க்க வேண்டும். எதுவானாலும் பிள்ளையைத் திட்டாதீர்கள். அரிப்பைச் சொன்னால் அடி விழும் என்று தெரிந்த பிள்ளை வேறு எதையும் நம்மிடம் வந்து சொல்லாது.

இன்னொன்று. கீரிப்பூச்சி பல சமயம் மலப் பரிசோதனையில் தெரியாது, ஏனென்றால் முட்டை மலத்தோடு வருவதில்லை. "டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்திருச்சு" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். காலையில் குளிக்கும் முன், மலம் கழிக்கும் முன், செல்லோ டேப்பின் ஒட்டும் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றி ஒற்றி எடுத்து, பரிசோதனைக் கூடத்தில் தரும் கண்ணாடித் துண்டில் ஒட்டிக் கொடுத்தால் முட்டை தெரிந்துவிடும். மூன்று நாள் தொடர்ந்து எடுத்தால் இன்னும் நல்லது.

இவ்வளவு நேரம் ஒரு பூச்சியையே பேசினோம். இனி மண்ணிலிருந்து வரும் பூச்சிகள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 150 கோடி பேர் வயிற்றில் இவை இருக்கின்றன. ஆகவே "எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன்" என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

நாக்குப்பூச்சி என்று நாம் சொல்வது உருண்டைப் புழு. மண்புழு போல, ஒரு சாண் நீளத்துக்கும் மேல் வளரும். இதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், பார்த்தால் மறக்க முடியாது. பெண் புழு ஒரு நாளைக்கு சுமார் 2 லட்சம் முட்டை இடும். மலத்தோடு மண்ணில் விழுந்த முட்டை இரண்டு மூன்று வாரம் மண்ணில் கிடந்தால்தான் தொற்றும் தன்மை பெறும். அப்புறம் வருடக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். தென்னந்தோப்பு ஓரத்தில், சாக்கடைப் பக்கத்தில் சிறு பிள்ளைகளை உட்கார வைப்பது, டயப்பரைக் குப்பை மேட்டில் வீசுவது, அதே இடத்தில் பிள்ளைகள் கோலி விளையாடுவது என்று இந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விழுங்கிய முட்டை குடலில் பொரிந்து, அந்தக் குஞ்சு இரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போகும். அங்கிருந்து இருமலோடு தொண்டைக்கு வந்து, எச்சிலோடு மறுபடி வயிற்றுக்கு வந்துதான் வளரும். சில பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாத வறட்டு இருமல் வருவது இதனாலும் இருக்கலாம். வளர்ந்த பிறகு வயிற்று வலி, உப்பிய வயிறு, சாப்பிட்டும் தேறாத உடம்பு.

மூன்றாவது கொக்கிப்புழு. இதுதான் சத்தமில்லாத திருடன். அரை அங்குலம்கூட இருக்காது. இதை யாரும் விழுங்க வேண்டியதில்லை. ஈரமான மண்ணில் இருக்கும் குஞ்சு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே வந்துவிடும். குடலில் கொக்கி போட்டுக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். ஒரு பூச்சி ஒரு நாளில் உறிஞ்சுவது வகையைப் பொறுத்து ஒரு சொட்டோ சில சொட்டுகளோதான். ஐம்பது, நூறு என்று சேர்ந்து மாதக்கணக்கில் உறிஞ்சும்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சென்ற வருடம் எட்டாவது படிக்கும் ஒரு பெண்பிள்ளையை அழைத்து வந்தார்கள். "சோம்பேறி, எப்பப் பார்த்தாலும் படுத்தே கிடக்கா, மாடி ஏறினா மூச்சு வாங்குது, யாருக்கும் தெரியாம பச்சரிசி அள்ளித் தின்னுறா" என்று பெரியம்மா புகார் சொன்னார். டாக்டர் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். உள்பக்கம் ரோஸ் நிறமாக இருக்க வேண்டியது வெளுத்துக் காகிதம் போல இருந்தது. கடுமையான இரத்தச்சோகை. வயதுக்கு வந்த பிள்ளை, மாதாமாதம் போகும் இரத்தம் ஒரு பக்கம். கொல்லையில் செருப்பில்லாமல் நடந்து வந்த பூச்சி ஒரு பக்கம். மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை இருந்தது. அரிசி, சுண்ணாம்பு, மண், செங்கல் தின்னும் ஆசை பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். அதற்காகப் பிள்ளையின் கையைச் சூடு வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மண் தின்பதால் நாக்குப்பூச்சியும் சேரும், அது வேறு.

இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பூச்சி மாத்திரை மட்டும் போதாது, இழந்த இரத்தத்தை ஈடு கட்ட இரும்புச் சத்து மாத்திரை டாக்டர் சொன்ன காலம் வரை வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை சிறு பிள்ளைகளுக்கு ரோஸ் நிறத்திலும், 10 வயதுக்கு மேல் நீல நிறத்திலும் தருகிறார்களே, அதைப் பிள்ளைகள் சன்னல் வழியாக எறிந்துவிடுவதாக ஆசிரியைகள் சொல்கிறார்கள். அது சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் இரும்பை உடம்பில் சேரவிடாது. நம் வீடுகளில் நான்கு வயதுப் பிள்ளைக்கும் டீ உண்டு! டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். பிள்ளைக்கு அதையும் நிறுத்தினால் இன்னும் நல்லது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும்.

மதரஸா நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள். ஒன்றுக்குப் போக வேண்டுமானால் பின்பக்க மண் தரையில் வெறுங்காலோடு ஓடுகிறார்கள், ஏனென்றால் செருப்பு முன்வாசலில் கிடக்கிறது. பின்வாசலில் பொதுச் செருப்பு பத்து ஜோடி போடச் சம்மதித்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்து மாத்திரைக்கு வருகிறோம். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பொதுவாக பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வருடத்துக்கு இரண்டு முறை. விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் 1 முதல் 19 வயது வரை எல்லாருக்கும் இதே ஆல்பெண்டசோலைத்தான் இலவசமாகத் தருகிறார்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களுக்கும், கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் தவிர்த்து, கொடுக்கிறார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கும், ஹிப்ழு மதரஸாவில் தங்கி ஓதும் பிள்ளைக்கும் இதில் உரிமை உண்டு. அங்கன்வாடியில் போய்க் கேளுங்கள்.

ஆனால் அந்த நாள் பார்த்து நம் தெருவில் சில வீடுகளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. கைப்பேசியில் ஒரு குரல் பதிவு சுற்றி வந்தது: மாத்திரை போட்ட பிள்ளைகள் மயங்கி விழுந்தார்களாம், பின்னாளில் பிள்ளைப்பேறு இல்லாமல் போகுமாம். தாய்மார்களே, இது எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று சாப்பிடும் மாத்திரை. மருந்துக் கடையில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவதும் இதுதான். பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்பது பொய். சில பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் வயிற்று வலி, குமட்டல், தலைசுற்றல் வருவது உண்மை. வயிற்றில் பூச்சி அதிகமுள்ள பிள்ளைகளுக்கு அது கூடுதலாக இருக்கும். கொஞ்ச நேரம் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும். ஆகாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ உள்ள பிள்ளைக்கு அன்று வேண்டாம், குணமான பிறகு கொடுக்கலாம். முகாம் ரமலானில் வந்து, பெரிய பிள்ளை நோன்பு வைத்திருந்தால், ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிட்டு, இரவிலோ பெருநாள் கழிந்தோ எப்படிப் பெறுவது என்று சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விட்டுவிட மட்டும் வேண்டாம்.

வலிப்பு வந்த பிள்ளையாக இருந்தால் மாத்திரைக்கு முன் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதற்குக் காரணம் நாடாப்புழு. "அது பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு வருவது, நமக்கு வராது" என்று நம்மவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். வயிற்றில் அந்தப் புழு வளர்வது அப்படித்தான். ஆனால் அந்தப் புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து முட்டை காய்கறி, தண்ணீர், கை வழியாக யார் வயிற்றுக்கும் போகலாம். அப்படிப் போனால் அது மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். இறைச்சியே தொடாதவர்களுக்கும் வந்திருக்கிறது. அப்படி மூளையில் கட்டி இருக்கும்போது டாக்டர் பார்க்காமல் இந்த மருந்தைக் கொடுத்தால் வலிப்பு கூடலாம். பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கேரட், கொத்தமல்லி, புதினாவை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். மாட்டிறைச்சியில் வரும் நாடாப்புழு வேறு ஒன்று. நடுவில் சிவப்பாக இருக்கும் கபாபைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

சீட்டில் வந்த மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இனிப்புத் தின்றால் பூச்சி வராது, முட்டை உள்ளே போனால்தான் வரும். இனிப்பைக் குறைக்கப் பல் சொத்தை என்ற நல்ல காரணம் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். தூக்கத்தில் பல் கடிப்பது, கன்னத்தில் வெள்ளைத் திட்டு ஆகியவற்றை மட்டும் வைத்துப் பூச்சி என்று முடிவு கட்ட முடியாது. வேப்பங்கொழுந்தும் சுண்டைக்காயும் கொடுப்பதை நாங்கள் தடுக்கவில்லை, மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம் என்கிறோம். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவது பழைய மருந்துகளின் காலத்து வழக்கம், இந்த மாத்திரைக்குத் தேவையில்லை. பூச்சி விழுந்ததைக் கண்ணால் பார்க்கவில்லையே என்றால், சிறிய பூச்சிகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். பூனை வளர்ப்பதால் கீரிப்பூச்சி வருமா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். வராது, அது மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டுமே வருவது. பூனைக்கு வேறு பூச்சி உண்டு, மடியில் வைத்துக் கொஞ்சிய பிறகு கையைக் கழுவட்டும்.

ஒன்றை மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு வயிறு கல் போல உப்பி, விட்டு விட்டுக் கடுமையான வலி, பச்சையாக வாந்தி, மலமும் காற்றும் போகவில்லை என்றால் வீட்டில் எந்த மருந்தும் கொடுக்காதீர்கள். பூச்சி மாத்திரையும் வேண்டாம், பேதி மருந்தும் வேண்டாம். நாக்குப்பூச்சிகள் பந்து போலச் சுருண்டு குடலை அடைத்திருக்கலாம். இரவு எத்தனை மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். 108க்கு அழையுங்கள், நமது ஆம்புலன்ஸும் வாசலில்தான் நிற்கிறது.

இனிமேல் நமது மருத்துவ நாளில் பூச்சி மாத்திரை கேட்டு வருகிறவர்கள், வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எத்தனை வயது, கர்ப்பிணியோ வலிப்பு உள்ளவரோ உண்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். டாக்டர் பார்த்துவிட்டு எல்லாருக்கும் இரண்டு வேளைக்கான மாத்திரையைப் பெயர் எழுதிய உறையில் தருவார். இரண்டாவது உறையின் மேல் தேதியை நாங்களே எழுதிவிடுவோம். கூச்சமாக இருந்தால் வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம், தாளை நீட்டினால் போதும்.

அந்தச் சகோதரியின் வீட்டில் அன்று இரவே ஐந்து பேரும் மாத்திரை போட்டுக்கொண்டார்கள். மறுநாள் வாப்பாவே பாயைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் போட்டாராம். பையன் நன்றாகத் தூங்குகிறான். இரண்டாவது வேளை நாளை மறுநாள் இரவு. காலண்டரில் அந்தத் தேதியை அவனே பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான் என்று உம்மா சொன்னார்.